பழைய லைவ் ராக்கை உப்புநீர்த் தொட்டி வடிகட்டிக்குத் தயார் செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் உப்புநீர் மீன் தொட்டி வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் ஒருவர் தொட்டியைக் கலைத்தால் அவரிடமிருந்த பாறைகள் இன்னொருவர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. அப்படி வந்த பாறைகளை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பாறைக்கு எப்படி உயிர் இருக்கும்? அதை ஏன் லைவ் ராக் என்கிறார்கள்?

பாறைக்கு உயிர் இல்லை. அதன் துளைகளில் குடியிருப்பவற்றுக்குத்தான் உயிர். கால்சியம் கார்பனேட்டால் ஆன, கடற்பஞ்சு போல உள்ளெல்லாம் துளையோடிய கல் அது. அதன் மேற்பரப்பிலும் துளைச் சுவர்களிலும் படியும் பாக்டீரியாக்கள், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்சிஜன் எட்டாத ஆழமான துளைகளில் வாழும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. கடையில் விற்கும் பீங்கான் வளையங்கள் செய்கிற வேலையும் பெரும்பாலும் இதுவே. பாறை சில நாள் வெயிலில் காய்ந்துவிட்டால் இந்தக் குடித்தனம் முழுவதும் அழிந்து, வெறும் கல்லும் அதன் துளைகளும் மட்டும் மிஞ்சும். நாம் காப்பாற்ற வேண்டியது அந்தத் துளைகளை.

தொண்டியிலோ மண்டபத்திலோ கரை ஒதுங்கிக் கிடப்பதை எடுத்து வந்தால் என்ன?

எடுக்கக் கூடாது. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001-இல் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. செத்துக் காய்ந்த பவளம் என்றாலும் அது அந்த உயிரினத்தின் பாகமே. இறந்துவிட்டது என்பது சட்டத்தின் முன் சாக்காகாது. மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. ஒரு காலத்தில் அங்கே பவளத்தை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பினார்கள். அந்தக் காலம் போய்விட்டது. ஆகவே இந்தப் பக்கத்தில் நான் சொல்வதெல்லாம், வெள்ளை சிமெண்டும் அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் மணலும் கலந்து வார்த்த செயற்கைப் பாறைக்கும், நிலத்திலிருந்து எடுத்த துளையுள்ள சுண்ணாம்புக் கல்லுக்கும் உரியவை. இவையும் சில ஆண்டுகள் தொட்டியில் கிடந்தால் லைவ் ராக்காகவே ஆகிவிடும். உடைந்த முகத்தில் பூவிதழ் போன்ற பவள வரிகள் தெரிந்தால் அந்தப் பாறையை வாங்காமல் விடுவது நல்லது.

நம் ஊர்ச் செம்புறாங்கல்லைப் போடலாமா? அதிலும் துளைகள் இருக்கின்றனவே?

வேண்டாம். அதில் இருப்பது இரும்பும் களிமண்ணும். நீரோட்டத்தில் செந்நிறத் தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். கருங்கல்லில் துளையே இல்லை.

பழைய பாறையை நன்றாகக் கழுவிப் போட்டால் போதாதா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். பின்கட்டில் ஒரு சாக்கில் மூன்று வருடம் கிடந்த பாறைகளைக் குழாயடியில் தேய்த்துக் கழுவி, ஓடிக்கொண்டிருந்த தொட்டியின் சம்ப்பில், அதாவது வடிகட்டும் சாமான்களை வைக்கும் துணைத் தொட்டியில், வைத்தேன். கையில் எடுத்தபோது எந்த வாடையும் இல்லை. இரண்டாம் நாள் தண்ணீர் மோர் கரைத்தது போல வெளுத்தது. மூன்றாம் நாள் அம்மோனியா சோதனைக் குழாய் கரும்பச்சையாக மாறியது. ஒரு ஜோடி க்ளௌன் மீன்களும் போய்விட்டன. தவறு முழுவதும் என்னுடையது. மேலே காய்ந்திருந்த பாறையின் உட்துளைகளில் பழைய புழுக்களும் பஞ்சுயிர்களும் பாசியும் கருவாடாகக் கிடந்திருக்கின்றன. தண்ணீர் பட்டதும் அவை ஊறி அழுகத் தொடங்கிவிட்டன.

அழுகல் முதல் குறை; ஊறியதும் நாற்றம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது குறையான பாஸ்பேட் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. திண்ணைச் சுவரில் பல வருடம் எண்ணெய்த் தலை சாய்த்த இடத்தில் எத்தனை முறை வெள்ளையடித்தாலும் கறை மேலே வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கால்சியம் கார்பனேட் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதும் பின்னர் மெல்ல மெல்ல விடுவதும் ஏறக்குறைய அப்படித்தான். மூன்றாவது குறை செம்பு. அதற்குத் தனியாகவே பதில் சொல்ல வேண்டும்.

செம்பைப் பற்றி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்?

மீன்களின் தோலில் வரும் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு கலந்த மருந்து கொடுப்பது வழக்கம். மீன் அதைத் தாங்கும். இறால், நத்தை, பவளம் போன்றவை மிகச் சிறிய அளவிலேயே சாகும். மருந்து ஊற்றிய தொட்டியில் இருந்த பாறை செம்பை உறிஞ்சிக்கொண்டு பல மாதங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். எனவே பாறையைக் கொடுப்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எப்போதாவது செம்பு மருந்து ஊற்றினீர்களா என்பதுதான். ஆம் என்றால், அல்லது அவருக்கே நினைவில்லை என்றால், அந்தப் பாறையை மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு ஒதுக்கிவிடுங்கள். அதைத் தேய்த்தோ ஊறவைத்தோ மீட்கும் முயற்சியில் நேரத்தைச் செலவிட நான் சொல்ல மாட்டேன்.

நம் பக்கத்து வீடுகளுக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. பாறையை ஊறவைக்கப் பெரிய பாத்திரம் தேடினால் முதலில் கண்ணில் படுவது அப்பத்தா காலத்துச் செம்பு அண்டாவோ பித்தளைத் தவலையோதான். பித்தளையிலும் பாதிக்கு மேல் செம்பே இருக்கிறது. உப்புநீர் அதில் ஓரிரவு நின்றால் காலையில் நீர்க்கோட்டில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அந்தக் களிம்புதான் நாம் தவிர்க்க நினைக்கும் விஷம். பிளாஸ்டிக் டிரம் மட்டுமே போதும்.

பாறை இன்னும் ஈரமாக, ஓடிக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து நேராக வந்தால்?

அப்போது உங்களுக்கு யோகம். ப்ளீச், வெயில் எதுவும் வேண்டாம். அதே தொட்டித் தண்ணீரில் முக்கி அலசி, அழுக்கை மட்டும் உதறிவிட்டு, உப்புநீர் டிரம்மில் இறக்குங்கள். சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் கொண்டுவருவதானால், உப்புநீரில் நனைத்த செய்தித்தாளைச் சுற்றித் தெர்மோகோல் பெட்டியில் வைத்தால் அந்தப் பயணத்தை அதன் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தாங்கும். இருந்தாலும் வழியில் சில உயிர்கள் செத்திருக்கும் என்பதால், ஓரிரு வாரம் டிரம்மில் வைத்து அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்த பிறகே வடிகட்டிக்குள் வையுங்கள். கண்ணாடி போன்ற சிறு மொட்டுகளாக ஐப்டேசியா என்ற கடற்சாமந்தி (அனிமோன்) ஒட்டியிருந்தால் மட்டும் ஈரப்பாறை என்ற சலுகையை விட்டுவிட்டு, காய்ந்த பாறைக்குரிய வழியில் போவது மேல். ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அது தொட்டி முழுவதும் பரவிவிடும்.

கொதிக்கவைத்தால் எல்லாம் ஒரே அடியாகச் செத்துவிடாதா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பாறையில் ஒட்டி வளரும், பவளத்துக்கு உறவான சோவாந்திட் என்ற உயிர் வகைகளில் சிலவற்றில், குறிப்பாகப் பாலித்தோவாவில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். சூட்டில் அது சுலபமாக அழிவதில்லை. கொதிக்கும்போது ஆவியோடு சேர்ந்து மூச்சில் ஏறி, வீட்டிலுள்ள அனைவரையும் மருத்துவமனையில் சேர்த்த நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதும் அதே வகையான ஆபத்துதான். அடுப்பிலோ அவனிலோ வைத்தால் துளைக்குள் சிக்கிய நீர் ஆவியாகிக் கல் வெடிக்கவும் கூடும். ஆங்கில வழக்கில் பாறையை இருட்டில் ஊறவைப்பதற்கு ‘குக்கிங்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்; அந்தச் சொல்லைக் கேட்டு அடுப்பை மூட்டியவர்களும் உண்டு. பாறையைத் தேய்க்கும்போது கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

சரி, காய்ந்த பாறையை எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் ஈரமாக்கிய பிறகு நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, பொந்துகளில் குச்சி விட்டுச் சுரண்டி, குழாய் அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவுங்கள். கம்பி பிரஷ் கூடாது. அறுந்த கம்பி துளைக்குள் தங்கித் துருப்பிடிக்கும். பிறகு, வாசனை சேர்க்காத ப்ளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு என்ற கணக்கில் கலந்து, பாறை முழுவதும் மூழ்கும்படி ஒரு நாள் ஊறவிடுங்கள். உள்ளே ஒரு சிறு பம்பு ஓடினால் கலவை துளைகளுக்குள் புகும்; நின்ற நீரில் மேல்தோல் மட்டும் வெளுக்கும். இதையெல்லாம் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். முற்றம் திறந்தவெளிதானே என்று சுற்றுக்கட்டுக்குள் செய்தால் வீடெல்லாம் நெடியடிக்கும்.

ப்ளீச்சிங் பவுடர் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். அதில் கரையாத சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. அது சேறாகப் படிந்து, நாம் எதற்காக இவ்வளவு பாடுபடுகிறோமோ அந்தத் துளைகளையே அடைத்துவிடும். எனவே திரவமே நல்லது.

ஊறிய பாறையை மூன்று நான்கு முறை அலசி, மீன் கடைகளில் ஆன்டி குளோரின் என்ற பெயரில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் படிகங்களைக் கரைத்த தண்ணீரில் மறுநாள் வரை வைத்து, மொட்டை மாடியில் வெயிலில் காயப்போடுங்கள். சித்திரை வெயிலில் ஒரு வாரத்திலேயே மோரோடு போட்ட வற்றல் போலச் சலசலவென்று காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். காய்ந்த பாறையை உடைத்து உள்முகத்தை மூக்கருகே கொண்டுபோங்கள். குளோரின் நெடியும் இருக்கக் கூடாது, கருவாட்டு வாடையும் இருக்கக் கூடாது. கருவாட்டு வாடை வந்தால் ப்ளீச்சை மறுபடி ஒரு சுற்று செய்யுங்கள்.

ஆசிட் ஊற்றலாமா?

பாஸ்பேட் மிக அதிகமாக ஏறிய சுண்ணாம்புக் கல்லுக்கு மட்டும், அதுவும் வேறு வழி இல்லாதபோது. அமிலம் பாறையின் மேற்படலத்தைக் கரைத்து, அதில் பிடித்திருந்த பாஸ்பேட்டையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. அதே வேகத்தில் உங்கள் பாறையும் கரைகிறது. சிமெண்டில் வார்த்த பாறை இன்னும் விரைவாக உதிரும், அதற்கு ஆசிட் கூடவே கூடாது. செய்வதென்றால் தண்ணீர் பத்துப் பங்கில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு பங்கை மெதுவாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. நுரை அடங்கப் பத்து இருபது நிமிடம் ஆகும், அத்துடன் எடுத்துவிடலாம். ப்ளீச் ஈரம் இருக்கும் பாறையில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டுக்கும் நடுவில் பாறை முழுவதுமாகக் காய்ந்திருக்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்குப் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள். அந்தக் கல்லும் சிமெண்டால் ஆனதுதான். என் வாளியிலிருந்து தெறித்த ஒரு சொட்டு, சிவப்புப் பூ ஒன்றின் நடுவில் எட்டணா அளவுக்கு வெள்ளையாக நுரைத்துப் போனது. எத்தனை தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தும் அந்த மங்கல் இன்றுவரை போகவில்லை.

பாஸ்பேட் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? இருந்தால் என்ன செய்வது?

சுத்தம் செய்த பாறையைப் புதிதாகக் கரைத்த உப்புநீரில் இறக்கி, ஒரு வாரம் கழித்து அந்தத் தண்ணீரைச் சோதியுங்கள். பவளம் வளர்ப்பவர்கள் 0.1 பிபிஎம்முக்கு (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே, முடிந்தால் 0.03 அருகில் வைக்க விரும்புவார்கள். அதற்கு மேல் காட்டினால் தண்ணீரை மாற்றி மறுபடி ஒரு வாரம் விட்டுச் சோதியுங்கள். பாறை தான் பிடித்து வைத்திருப்பதைத் தண்ணீரோடு சமநிலைக்கு வரும் வரை விட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், மாற்றிய மறுநாள் வரும் நல்ல எண்ணை நம்பக் கூடாது. ஒரு வாரம் பொறுத்து வரும் எண்ணே உண்மையானது. இரும்பு ஆக்சைடு குருணையைப் பைக்குள் கட்டி நீரோட்டத்தில் தொங்கவிட்டால் வேலை விரைவாக நடக்கும். லாந்தனம் குளோரைடு அதைவிட வேகமானது. ஆனால் அது வெண்மையான வண்டலை உண்டாக்கும். அந்த வண்டல் மீன்களின் செவுளைப் பாதிக்கக்கூடும் என்பதால் மீன் இல்லாத டிரம்மில் மட்டும் பயன்படுத்திவிட்டு, அந்தத் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

பிறகு பாறைக்கு மறுபடி உயிர் வருவது எப்படி?

மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம், ஒரு சுழற்சி பம்பு, 1.025 அடர்த்தியுள்ள உப்புநீர், 25 முதல் 28 டிகிரி வெப்பம், வெளிச்சம் புகாத இடம் ஆகியவை இருந்தால் போதும். இருட்டு பாசியை வளரவிடாது. பாக்டீரியாக்களுக்கு வெளிச்சம் தேவையே இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் சாமான் அறைகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றில் ஒன்று இதற்குத் தோதானது. விதைக்காக ஓடும் தொட்டியிலிருந்து ஒரு சிறு பாறைத் துண்டையோ வடிகட்டிப் பஞ்சைப் பிழிந்த அழுக்கையோ சேர்த்தால் காலம் குறையும். பாட்டில் பாக்டீரியாவும் உதவும்.

அவற்றுக்கு உணவாக அம்மோனியா வேண்டும். அம்மோனியம் குளோரைடு 100 லிட்டருக்கு ஏறக்குறைய 0.6 கிராம் போட்டால் 2 பிபிஎம் வரும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தேய்க்கும் நவச்சாரமும் இதே பொருள்தான், ஆனால் கடைச் சரக்கின் தூய்மைக்கு உத்தரவாதம் இல்லை. ஆய்வகத் தரத்தில் சிறு டப்பா வாங்கினால் வருடக்கணக்கில் வரும். முதல் இரண்டு வாரம் எதுவும் நடக்காதது போலத் தோன்றும். பிறகு அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும், அதன் பின் நைட்ரைட்டும் இறங்கும். இன்று போட்ட 2 பிபிஎம் அம்மோனியா நாளை இதே நேரத்துக்குள் அம்மோனியாவாகவோ நைட்ரைட்டாகவோ சிறிதும் மிஞ்சாமல் மறைந்தால் பாறை தயார். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். அவசரப்பட்டுப் பயனில்லை.

எந்தத் தண்ணீர்? கிணற்றுத் தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது?

குடிக்க நன்றாக இருப்பது இதற்குப் போதாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் நைட்ரேட்டோ சிலிக்கேட்டோ இருந்தால், பாறையைக் கஷ்டப்பட்டுச் சுத்தம் செய்துவிட்டு அழுக்கை நாமே திரும்ப ஊற்றியதாகும். கழுவுவதற்குக் கிணற்று நீர் போதும். ஊறவைக்கும் உப்புநீருக்கு ஆர்.ஓ. தண்ணீரே வேண்டும். லிட்டருக்கு 35 முதல் 40 கிராம் வரை மீன் தொட்டி உப்பு பிடிக்கும். தூத்துக்குடிக் கல்லுப்பில் கால்சியமும் மெக்னீசியமும் தேவையான அளவில் இருக்காது. டிரம்மில் தண்ணீர் வற்றினால் உப்பு வற்றாது என்பதால், குறைந்ததை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் நிரப்ப வேண்டும்.

கத்திரி வெயிலில் டிரம் சூடாகிறது, மின்சாரமும் போகிறது. பாக்டீரியா செத்துவிடுமா?

சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறைவாகவே தங்கும். பம்பும் நின்றுவிட்டால் அந்த மிச்சமும் சில மணி நேரத்தில் தீரும். மூடியைச் சற்றுத் திறந்து சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பில் காட்டினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மின்வெட்டுக்கு மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கையில் இருக்கட்டும்.

வடிகட்டிக்குள் எந்த அளவில், எவ்வளவு, எங்கே வைப்பது?

எலுமிச்சை அளவுத் துண்டுகள் என் விருப்பம். அதைவிடப் பொடித்தால் இடைவெளியில் அழுக்கு தேங்கும். தேங்காய் அளவில் விட்டால் சம்ப்பில் அடுக்க முடியாது, ஆனால் ஆக்சிஜன் எட்டாத ஆழம் கிடைப்பதால் நைட்ரேட்டைக் குறைக்கப் பெரிய துண்டுகளே உதவும். சாக்குக்குள் வைத்துச் சுத்தியலால் உடைத்தால் சில்லு தெறிக்காது. உடைப்பதை ஊறவைப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். சிமெண்ட் பாறையின் புதிய உள்முகம் சில நாள் காரத்தை விட்டு பிஎச்சை ஏற்றக்கூடும், அது டிரம்மிலேயே அடங்கட்டும்.

பாறை மட்டுமே வடிகட்டி என்றால் லிட்டருக்கு 120 முதல் 180 கிராம் வரை என்பது பழைய கணக்கு. மீன்கள் இருக்கும் தொட்டியிலும் பாறை இருந்தால் சம்ப்புக்கு அதில் ஒரு பகுதி போதும். தரையோடு கொட்டிவிடாமல், பிளாஸ்டிக் வலைத்தட்டில் மூன்று விரல் உயரத்தில் வைத்தால் அடியிலும் நீர் ஓடும், அழுக்கையும் உறிஞ்சியெடுக்கலாம். தண்ணீர் முதலில் துணிப்பையைக் கடந்த பிறகே பாறைக்கு வர வேண்டும்; அந்தப் பையை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை துவைக்காவிட்டால், இவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்த பாறை ஆறு மாதத்தில் மறுபடி சாக்கடையாகிவிடும். மூடிய கேனிஸ்டர் வடிகட்டிக்குள் இந்தத் துண்டுகளை நான் வைப்பதில்லை. கண்ணில் படாத அழுக்கு அங்கே சேர்ந்து நைட்ரேட்டைத்தான் கூட்டும்.

மாற்றிய உப்புநீரை எங்கே கொட்டுவது?

தென்னைக்கு ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வாராவாரம் 100 லிட்டர் இறங்கினால் தென்னை தாங்கினாலும் பக்கத்துக் கருவேப்பிலை தாங்காது. கிணற்றடியிலும், மழைநீர் ஊருணிக்குப் போகும் வாய்க்காலிலும் ஊற்றக் கூடாது. கழிவுநீர்க் குழாயில் விட்டு, பின்னாலேயே இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிவிடுங்கள். லாந்தனம் கலந்த நீரை ஓரிரவு தெளியவிட்டு மேல் நீரை மட்டும் குழாயில் வடித்துவிட்டு, அடி வண்டலைக் காயவைத்துக் குப்பையோடு சேர்த்துவிடலாம்.